விண்ணப்பத்தில் எழுதிய ஊர்

சென்ற மாதம் நடந்த இரங்கற் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். காலஞ்சென்ற என் நண்பரின் கணித அறிவைப் பற்றியும், அவர் பாடம் நடத்திய முறையைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசிவிட்டு அமர்ந்துவிட்டேன். கூட்டத்துக்கு அவ்வளவு போதும். நாங்கள் பி.ஏ. தேறிய பிறகு மேற்படிப்புக்கு இடம் தேடி அலைந்த நாட்களைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவற்றை மேடையில் நின்று சொல்ல என்னால் முடியாது. எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

நான் பெருமாட்டிப் பக்கத்தவன். தென்னையும் நிலக்கடலையும் பயிரிடும் குடும்பம். எங்கள் ஊர் சித்தூர் தாலுகாவில், அதாவது கொச்சி சமஸ்தானத்தில் இருக்கிறது. பத்து மைலுக்கு அப்பால் உள்ள பாலக்காடு மலபார் ஜில்லா, சென்னை மாகாணம், வெள்ளைக்காரர் ஆட்சி. வழியில் ஒரு புளியமரத்தடியில் எல்லைக்கல் நின்றது. வண்டிமாடுகள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அதில் வெட்டியிருந்த எழுத்து மழுங்கிப் போயிருந்தது. அந்தக் கல்லைக் கடக்கையில் ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்குப் போகிறோம் என்று எங்களில் எவரும் எண்ணியதில்லை. தபால் பாலக்காட்டிலிருந்து வந்தது. ரயிலேறப் பாலக்காடு, வைத்தியம் பார்க்கப் பாலக்காடு. வெளியூரில் யாராவது “எந்த ஊருங்க?” என்று கேட்டால், என் தகப்பனார் உட்பட எங்களவர் எல்லோரும் “பாலக்காடுங்க” என்றே சொல்வார்கள். அதைப் பொய் என்று சொன்னவர் எங்கள் ஊரில் இல்லை.

நண்பர் பாலக்காட்டுக் கடைவீதியில் புகையிலை மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவரின் மூத்த மகன். கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கணிதத்தில் அவருக்கு வேகம் அதிகம். எனக்குப் பொறுமை அதிகம். அவர் பாதியில் விட்ட கணக்கை நான் முடிப்பேன். நான் தொடங்கத் தயங்கியதை அவர் தொடங்கிவைப்பார். ஆகவே எம்.ஏ.யும் ஒரே கல்லூரியில் படிப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். அது நடக்குமா என்பது மட்டுமே அந்தக் கோடையில் எங்கள் கவலை. என் தகப்பனார் அதற்கு ஒரு கெடு வைத்திருந்தார்.

“ஆடி வரைக்கும் பாரு. எடங் கெடைக்கலீன்னா மலைக்குப் போயி உன்ற மாமனோட ஏலத்தோட்டத்துல எழுத்து வேலை பாரு. சும்மா ஊட்டுல குந்தியிருக்கப்படாது.”

மாமன் இருந்தது போடிக்கு மேலே மலையில் உள்ள சாந்தன்பாறையில்.

திங்களும் வியாழனும் விடியுமுன் புறப்பட்டுப் பாலக்காட்டுக்கு நடந்து போவேன். மண்டியின் மச்சுதான் எங்கள் அலுவலகம். கீழே தரகர்களின் பேரம் நடக்கும். மேலே நாங்கள் கல்லூரிகளுக்கு விவரம் கேட்டுக் கடிதம் எழுதுவோம். ஆசிரியர்கள் தந்த நற்சான்றுகளைப் படி எடுப்போம். அசலை எவரும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு படி வேண்டும். என் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போலிருக்கும். நண்பரின் கையெழுத்தோ அச்செழுத்தை ஒத்தது. ஆகையால் அவர் எழுத, நான் பக்கத்திலிருந்து படித்துக்காட்டிப் பிழை பார்ப்பேன். “ஒழுக்கத்திற் சிறந்தவர்” என்று என் சான்றில் இருந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவர் பேனாவை எடுத்துவிடுவார்.

“இத எழுதும்போது மை ஊறமாட்டேங்குதுடா.”

“உன்ற சான்றுலயும் அதேதான் இருக்குது.”

“அதுல பாரு, தானா ஓடுது.”

உறையை ஒட்டியதும் கீழே கொண்டுபோய்ப் புகையிலைத் தராசில் வைத்து எடை பார்ப்போம். தபால் தலை எத்தனை ஒட்டுவது என்று தெரிய வேண்டுமே. அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், கணக்குப் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமலே சொல்வார்: “தம்பி, நாலு வருசப் படிப்பு அரைப் பலங்கூட இல்லியே. ஒரு வெத்தலைக்குக் காணாது.”

பகலில் மச்சுப்படியில் ஒரு தட்டு வந்து காத்திருக்கும். அனுப்புவது நண்பரின் அம்மா. அந்நாளில் நாங்கள் அவர்கள் வீட்டில் சமைத்ததை உண்பதில்லை. அவர்களும் வற்புறுத்துவதில்லை. ஆனால் தோல் உள்ள பண்டத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே அந்த அம்மா நான்கு ஆண்டுகளும் எனக்குத் தோல் உள்ளதாகவே தேடித் தேடி அனுப்பினார்: வாழைப்பழம், ஆரஞ்சு, உடைக்காத நிலக்கடலை, சீவாத இளநீரும் பக்கத்தில் ஓர் அரிவாளும். நான் கடலையை உரித்துத் தின்ன, நண்பர் பக்கத்திலிருந்து சோறு தின்பார். அது எங்கள் இருவருக்கும் இயல்பாகவே இருந்தது.

திருச்சினாப்பள்ளியிலிருந்து அந்த ஆண்டு கணிதத்துக்கு வகுப்பு இல்லை என்று பதில் வந்தது. பெங்களூருக்கு நேரில் போனோம். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. நண்பரின் அளவுக்குத் தைத்தது. என் மணிக்கட்டுக்குக் கீழே நான்கு விரற்கடை தொங்கும். ஒருவர் உள்ளே போய் வந்ததும் தாழ்வாரத்தில் கழற்றி மற்றவருக்குக் கொடுப்போம். அங்கே எழுத்தர் எங்கள் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் ‘சொந்த ஊர்’ என்றிருந்த கட்டத்தை மட்டும் பார்த்தார். மைசூர்க்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதம் இருந்தால் எழுதுவதாகச் சொல்லி மரியாதையாக அனுப்பிவைத்தார். திரும்பும் ரயிலில் நண்பர் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேய், அந்த ஒரு கட்டந்தான் எல்லாம். மத்ததெல்லாம் சும்மா” என்றார்.

நான் அரைத்தூக்கத்தில் உம் கொட்டினேன்.

மிஞ்சியது சென்னை. அங்கிருந்து படிவங்கள் வந்தபோது, வைகாசி நடுவில் எங்கள் பக்கம் பிடிக்கும் இடவப்பாதி மழை தொடங்கியிருந்தது. பாதி எழுதிக்கொண்டிருக்கையில் வானம் இருண்டது. சித்தூர் ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் ஊர் திரும்ப இரண்டு நாளாகும், வீட்டிலோ கடலை விதைப்பு. ஆகவே வெறும் படிவத்தின் அடியில் கையொப்பம் மட்டும் இட்டுவிட்டு, “மீதியெல்லாம் நீயே நெரப்பித் தபால்ல போட்டுரு” என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவருக்கு என்னைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. படிவத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் இருவரையும் நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

சென்னையில் நண்பர் மண்ணடியில் அவர் மாமாவின் புகையிலைக் கடையில் தங்கினார். நான் ஒரு சத்திரத்தில் தங்கினேன். காலையில் டிராம் நிற்குமிடத்தில் சந்தித்து, நாள் முழுவதும் கல்லூரியைச் சுற்றி வந்தோம். நூலகத்தின் கதவருகே நின்று அலமாரிகளை எண்ணினோம். ஒரு வகுப்பறையின் சன்னலுக்கு வெளியே நின்று கரும்பலகையில் இருந்த கணக்கை நண்பர் ஒரு நற்சான்றுப் படியின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். அதன் விடையைக் கடற்கரையில் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். கண்டுபிடித்ததும் அவர் எழுந்து நின்று கடலைப் பார்த்து, “இதுக்கு மேல என்னடா வேணும் இவங்களுக்கு?” என்று உரக்கக் கேட்டார். மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டாள். அன்றிரவு என் மனத்தில் நாங்கள் ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நண்பர் முதலில் உள்ளே போனார். துருக்கித் தொப்பியும் கோட்டுமாக அவருக்கு நல்ல எடுப்பு. வெளியே வந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அது வியர்வையால் ஈரமாயிருந்தது. “கெடச்ச மாதிரிதான். சும்மா போ” என்றார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன்.

பேராசிரியர் வயதான ஆங்கிலேயர். இரண்டு கணக்குக் கேட்டார், சொன்னேன். கடற்கரைக் கணக்கின் சாயல் ஒன்றில் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு, பொழுதுபோக்காகக் கேட்பவர் போல, என் படிவத்தின் முகவரி வரியைப் பார்த்தபடியே கேட்டார்:

“பெருமாட்டி. பாலக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம்?”

“பத்து மைல், ஐயா.”

“பாலக்காட்டுத் தாலுகாதானே?”

“சித்தூர்த் தாலுகா, ஐயா. கொச்சி சமஸ்தானம்.”

இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. பள்ளி நாளிலிருந்து தாலுகா என்ற சொல்லுக்குப் பின் நான் சொல்லிப் பழகியது அது. வாய் சொல்லிவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். படிவத்தை என் பக்கம் திருப்பினார். ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தில், நான் நன்கறிந்த அந்த அழகிய எழுத்தில், ‘பாலக்காடு, மலபார் ஜில்லா’ என்றிருந்தது.

“இதை எழுதியது யார்?”

“நான்தான், ஐயா. பழக்கத்தில் எழுதிவிட்டேன்.”

அவர் நண்பரின் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “உங்கள் நண்பருடையதையும் நீங்களேதான் எழுதினீர்களா?”

“ஆம், ஐயா.”

இரண்டு தாள்களையும் மூக்கருகே கொண்டுபோனார். “புகையிலையும் உங்களுடையதுதானா?” என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். “அந்தக் கோட்டையும் அரைமணிக்கு முன் பார்த்த நினைவு இருக்கிறது.”

ஓர் உண்மையும் இரண்டு பொய்யும் சொல்லி முடித்திருந்தேன். நான்காவதாகச் சொல்ல ஏதும் இருக்கவில்லை.

அவர் தாள்களைக் கீழே வைத்தார். மாகாணத்தாருக்கு இரண்டு இடம் மீதமிருப்பதாகவும், எங்கள் இருவரையும் எண்ணியே அவற்றை வைத்திருந்ததாகவும் சொன்னார். சமஸ்தானத்தாருக்கென இருந்த ஓர் இடம் முந்தின வாரமே நிறைந்துவிட்டது. “உங்கள் நண்பருக்கு இடம் உண்டு. நீங்கள் அடுத்த ஆண்டு வாருங்கள்” என்றவர், நான் வாசலை அடைந்ததும் சொன்னார்: “விண்ணப்பத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.”

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோட்டை வாங்கி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். ரயில் அரக்கோணம் தாண்டி, ஜோலார்பேட்டையும் தாண்டியது. பிறகு ஒரேயடியாகப் பேசினார்.

“உன்னெ யாருடா கேட்டா? தலையாட்டிட்டு வந்தா என்ன?”

“தாலுகாவக் கேட்டாருடா.”

“கேட்டா? நான் எழுதுனதுல என்ன பொய்யி? தபாலு வர்றது பாலக்காட்டுக்கு. ரயிலேர்றது பாலக்காட்டுல. படிச்சது பாலக்காட்டுல. தூங்கறதுக்கு மட்டுந்தானடா நீ கொச்சிக்குப் போறே! உங்கய்யன் வெளியூருல என்ன ஊருன்னு சொல்றாரு? அவரு பொய்யரா?”

“அவரு கோர்ட்டுல அப்பிடிச் சொல்லமாட்டாரு.”

“அது கோர்ட்டா? கல்லூரிடா!”

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ஏதோ நிலத்தகராறு என்று எண்ணிக்கொண்டு, விட்டுக்கொடுத்துப் போகும்படி எங்கள் இருவருக்கும் புத்தி சொன்னார். நண்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் குரல் தாழ்ந்தது.

“நான் போகலே. அங்க தனியா ஒக்காந்து நான் என்ன படிக்க? பாதிக் கணக்கோட நிப்பேன்.”

“நீ போகலீன்னா நாஞ்சொன்ன நெசமும் வீணு, பொய்யும் வீணு” என்றேன்.

பாலக்காட்டில் இறங்கியதும் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். பகல் ஒரு மணி. இருவரும் முந்தின நாளிலிருந்து உண்ணவில்லை. அவர் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து தவிப்போடு சொன்னார்:

“நீங்க வர்றது தெரியாதேப்பா. பழங்கூட இல்லியே. சோறுதான் இருக்குது. சோத்துக்குத் தோலு கெடையாதே.”

“பரவாயில்லீங்கம்மா. போடுங்க” என்றேன்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். அன்று உண்ட அந்தச் சோறும் புளிக்குழம்பும் போல வேறொன்றை நான் உண்டதில்லை என்று எழுதினால் மிகையாகும், அது பசி தந்த ருசி. ஆனால் எழுந்து கைகழுவும்போது நண்பர் சொன்னது நினைவிருக்கிறது.

“சரி, போறேன். ஆனா அங்க நான் கேக்கறதெல்லாம் நீயும் கேக்கணும்.”

அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. புறப்படும் நாளில் கோட்டை என்னிடம் தந்துவிட்டார். “மெட்ராசுல எதுக்கு இது, வேத்து வழியும். மலையில ஒனக்கு வேணும்.”

ஆடி பிறந்ததும் போடிக்குப் போய், அங்கிருந்து மலையேறிச் சாந்தன்பாறை சேர்ந்தேன். ஏலக்காய் பறிக்கும் ஆட்களின் பெயரை எழுதுவதும், உலர்களத்தில் எடை பார்ப்பதும் என் வேலை. மழை நின்ற நாள் குறைவு. மேசைமேல் வைத்த தாள் மாலைக்குள் நமுத்துப்போகும். கணிதம் என் வாழ்க்கையில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதை எவரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம், போடியிலிருந்து மலையேறிவரும் தபால்காரர், கையிலிருந்த ஈட்டியில் கட்டிய மணி ஒலிக்க, ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“இங்கன பாலக்காட்டுக்காரர்னு யாருய்யா?”

பொட்டலத்தின் மேல், அச்செழுத்து போன்ற அந்த எழுத்தில், என் பெயருக்கு அடியில் தனிவரியாக ‘பாலக்காட்டுக்காரர்’ என்று எழுதி, அதன் கீழே கோடும் இட்டிருந்தது. உள்ளே அந்த வாரத்துப் பாடம் முழுவதும் இருந்தது. பேராசிரியர் சொன்ன ஒவ்வொரு வரி. பலகையில் எழுதிய ஒவ்வொரு படம். நடுவே ஓரிடத்தில், ‘இந்த இடத்தில் அவர் இருமினார், எனக்குக் கேட்கவில்லை, நீயே கண்டுபிடி.’ கடைசியில் மூன்று கணக்குகள், பாதி வரையில் போட்டு விட்டவை. தாளெல்லாம் மண்ணடிக் கடையின் புகையிலை வாசம். அதை முகர்ந்துகொண்டு அந்தக் கோட்டைப் போர்த்தியபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாரம் தவறாமல் வந்தது. மீதிப் பாதியைப் போட்டு நான் திருப்பி அனுப்புவேன். தபால்காரருக்கு இது பெரிய ஐயம்.

“என்னய்யா, வாராவாரம் இம்புட்டுக் காயிதம்? கோர்ட்டுக் கேசா?”

“ஆமா.”

“எதிராளி ஆருய்யா?”

“எல்லைக்கல்லு.”

“அட, எல்லைத் தகராறா! அது லேசுல தீராதுய்யா” என்று பரிவோடு சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு வாரமும் பொட்டலத்தைத் தரும்போது, “கேசு எந்த மட்டுல இருக்கு?” என்று விசாரிப்பார். தோட்டத்தில் எனக்குப் பாலக்காட்டய்யா என்றே பெயராயிற்று.

அடுத்த கோடையில் படிவம் வரவழைத்தேன். மலைக்குளிரில் விறைத்த விரலால், எறும்பு ஊர்ந்தது போன்ற என் எழுத்தில் எழுதினேன். ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தில் ‘பெருமாட்டி, சித்தூர் தாலுகா, கொச்சி சமஸ்தானம்’ என்று அடங்கும்படி நெருக்கி நெருக்கி எழுதினேன். இடம் கிடைத்தது. மலையிறங்கும் நாளில் தபால்காரர் எதிரே வந்தார்.

“கேசு செயிச்சிருச்சாய்யா?”

“செயிச்சிருச்சுங்க.”

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார்.

சென்னையில் நண்பருக்கு அது இரண்டாம் ஆண்டு. எனக்கு முதலாம் ஆண்டு. முதலாண்டுப் பாடம் முழுவதும் எனக்கு முன்பே தெரிந்திருந்ததால், அவருடைய வகுப்புப் பாடத்தையே இருவரும் சேர்ந்து படித்தோம். ஓர் ஆண்டு ஓர் அறையில் இருந்தோம். கோட்டு ஒன்றே இருந்தது. பேராசிரியர் முதல் நாள் வகுப்பில் என்னைப் பார்த்ததும் மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்து காட்டினார். மற்றவர்களுக்கு அது விளங்கவில்லை.

பிறகு நண்பர் சென்னையிலேயே ஆசிரியரானார், நான் திருச்சூரில். முப்பது ஆண்டுகளுக்குமேல் கடிதம் எழுதிக்கொண்டோம். எந்த ஊரில் நான் இருந்தாலும், உறையின் மேல் என் பெயருக்கு அடியில் அந்த ஒரு சொல்லும் அதன் கீழே ஒரு கோடும் இருக்கும். ஓய்வு பெற்றுப் பெருமாட்டிக்கே திரும்பிய பிறகும் அப்படித்தான். இங்குள்ள தபால்காரர் ஒருமுறை, “ஏனுங்க, இவுரு உங்களை ஊர் மாத்திப் போட்டே எழுதறாருங்களே, சொல்லப்படாதுங்களா?” என்று கேட்டார். சொல்லியிருக்கிறேன், பலமுறை. ‘கட்டத்தில் ஒருமுறை எழுதியதை நான் அடிப்பதில்லை’ என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

இந்த ஆவணி கடைசியில் ஒரு கடிதம் வந்தது. சென்னை முத்திரை. அச்செழுத்தை ஒத்த அந்தக் கையெழுத்தின் பாதிச் சாயல் இருந்தது. அவருடைய மகனுடையது என்று பின்னால் அறிந்தேன். உறையின் மேல் என் பெயர், பெருமாட்டி, சித்தூர் தாலுகா, கொச்சி சமஸ்தானம் என்று எல்லாம் முறையாக எழுதியிருந்தது. பிழை ஒன்றும் இல்லை, அடியில் கோடும் இல்லை.

அதைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன்.